பாப்பாவின் நாற்காலியில் யார்?

பாப்பாவுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வீட்டின் கடைக்குட்டி என்று சின்ன வயதில் ஒட்டிய பெயர் இன்னும் உதிரவில்லை. தையல் யூனிட்டில் வேலை செய்கிற பெண்கள் அவளைப் 'பாப்பா அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்கிறவள் முதல் நாள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். மறுநாள் அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

பாப்பாதான் அந்த யூனிட்டின் பேட்டர்ன் மாஸ்டர். துணியில் கத்திரி விழுவதற்கு முன்னால் சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் அளவு அளவாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. அப்பா ஆரம்பித்த யூனிட். அவர் போன பிறகு அண்ணன் நடத்துகிறான். ஆர்டர் பிடிப்பதும் ஆளைச் சமாளிப்பதும் அண்ணி. ஜன்னலோரத்து நாற்காலி பாப்பாவுடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

இத்தனை வாரமாக இந்தத் தொடரோடு கூட வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் பிரஷர் எகிறி, கால் இரண்டும் வீங்கி, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதும், பாப்பா படுக்கையில் இருந்தபடியே வேலை பார்க்கப் பிடிவாதம் பிடித்ததும் போன அத்தியாயங்களில் நடந்தவை. யூனிட்டுக்கு நெட் போட்டுக் கொடுத்தவர் வந்து ஓர் ஏற்பாடு செய்தார். பாப்பாவின் லேப்டாப்பில் யூனிட் கம்ப்யூட்டரின் திரை அப்படியே வந்து நிற்கும். இங்கே மவுசை அசைத்தால் அங்கே அம்புக்குறி நகரும். நாற்காலி காலியாக இருக்க, திரையில் மட்டும் கோடுகள் தானாக வளர்வதைப் பார்த்து, பித்தான் தைக்கிற பெண் முதல் நாள் பயந்தே போனாளாம்.

பாப்பாவின் பிடிவாதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அண்ணியின் தம்பி டிசைன் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். தேடுவது யூனிட்டின் ஜன்னலோரத்திலேயே என்று பாப்பாவுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கு நர்ஸ் சீருடை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டர். பேட்டர்ன் மதியத்துக்குள் போய்விட வேண்டும், கட்டிங் மேஜை காலியாக்கி வைத்திருக்கிறது என்று அண்ணன் முந்தின நாளே சொல்லியிருந்தான். சொன்ன கையோடு, "அவசரமில்லை பாப்பா, நீ ரெஸ்ட் எடுத்துக்கிட்டே பண்ணு" என்றும் சொன்னான். மதியம் வேண்டும் என்பவனே அவசரமில்லை என்றால் எதை நம்புவது?

காலையில் நாத்தனார் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். கணவனின் அக்கா. ஒத்தாசைக்கு என்று ஒரு வாரம் தங்க வந்தவள், மாடி அறையில் நிலையாகவே தங்கிவிட்டாள். அதட்டிக்கொண்டே அன்பு காட்டுகிற ரகம். பாப்பாவின் மடியிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள், கொஞ்ச நேரம் கண்ணை மூடு, அப்புறம் வேலை பார்க்கலாம் என்றாள். அவளுடைய செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறி அடங்கியது.

தினமும் அந்த நேரத்தில் பாப்பா நிஜமாகவே தூங்கிவிடுவாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மெல்ல எழுந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

யூனிட் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள். பழக்கமான திரை வந்தது. நேற்று பாதியில் விட்ட கை பேட்டர்னைத் தேடுவதற்குள் திரை மங்கி மறைந்து, நடுவில் ஓர் அறிவிப்பு வந்தது. வேறொரு பயனர் இந்தக் கணினியுடன் இணைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நெட் கோளாறு என்று நினைத்து மறுபடி நுழைந்தாள். மறுபடி வெளியே தள்ளியது. அவளுக்கு மூக்கு வியர்த்தது.

அண்ணிக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் யாராவது உபயோகிக்கிறீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அண்ணி பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாள்.

"இங்க கரண்டே இல்லை பாப்பா. கம்ப்யூட்டர் அணைஞ்சு கிடக்கு. வந்ததும் சொல்றேன், நீ தூங்கு."

அந்தக் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, மொத்த வரிசையும். அதற்கும் பின்னால் ஸ்டீம் அயர்ன் புஸ்ஸென்று மூச்சுவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவளிடம் கரண்ட் இல்லை என்கிறாள். காதில் பூ சுற்றுவதென்றாலும் அதற்கு ஓர் அளவு வேண்டாமா?

பாப்பா எதுவும் காட்டிக்கொள்ளாமல் சரி என்று வைத்துவிட்டு, நெட்காரரைக் கூப்பிட்டாள்.

நெட்காரர் நிதானமான மனிதர். கட்டடமே இடிந்து விழுகிறது என்று சொன்னாலும், ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அன்றைக்கும் அப்படியே ஆரம்பித்தார். பாப்பா அணைத்துப் போட்டாள். வீட்டு நெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேறு பக்கங்களைத் திறக்கச் சொன்னார், திறந்தன. ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்டார். பிறகு கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறக்க வைத்து, யூனிட் கம்ப்யூட்டருக்கு 'பிங்' அனுப்பச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி, உயிரோடு இருந்தால் பதில் சொல்லும் என்று விளக்கினார்.

கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் உடனே வந்தது.

"கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மேடம்" என்றார் நெட்காரர். "ஃபயர்வாலும் வழி விடுது, பாஸ்வேர்டையும் ஏத்துக்குது. உள்ள விட்டுட்டு அப்புறம்தானே வெளிய தள்ளுது? அந்த அறிவிப்புல என்ன எழுதியிருக்கு, படிங்க."

பாப்பா படித்தாள்.

"அப்போ இது கோளாறு இல்லை மேடம். ஆள்."

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். நீங்கள் நுழைந்தால் அந்த ஆள் வெளியே, அந்த ஆள் நுழைந்தால் நீங்கள் வெளியே என்றார். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிற மாதிரி. யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பாப்பா கேட்டாள். யூனிட் ரவுட்டரைப் பார்த்தால் எங்கிருந்து வருகிறார்கள் என்பதாவது தெரியும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவளுடைய வீட்டு நெட்டின் முகவரி எண்ணையும் திரையில் பார்த்து வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

எங்கிருந்து என்று வேறு பார்க்க வேண்டுமா? அண்ணியின் தம்பி முகம்தான் பாப்பாவின் கண்முன் நின்றது. போன வாரம் நலம் விசாரிக்க வந்தவன், பேட்டர்ன் சாஃப்ட்வேரில் அளவு மாற்றுவது எப்படி என்று கேட்டான். அவளும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாவது முறை நுழைந்தபோது அவள் எதையும் தொடவில்லை. பார்த்தாள்.

அந்த ஆள் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே திறந்து கிடந்தது. நர்ஸ் சீருடையின் கை. நேற்று பாப்பா பாதியில் விட்டதை யாரோ தொடர்ந்திருக்கிறார்கள். தோளில் வந்து சேர்கிற வளைவைத் திருத்தி, அக்குளில் கொஞ்சம் இடம் விட்டு வரைந்திருந்தது. நோயாளியைத் தூக்கும்போது கை உயரும், துணி இழுக்கக் கூடாது என்று யோசித்த கை அது. கத்திரிக்கு அடையாளம் வைக்கிற இடங்கள்கூட அத்தனை சுத்தம். படித்து முடித்து நேற்று வந்தவன் செய்கிற வேலை மாதிரி இல்லை. அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. கோபம் அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

திரை மறைந்தது.

பாப்பா அண்ணிக்கு மறுபடி போன் போட்டாள். இந்த முறை சாதாரணமாகப் பேசவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது, கரண்ட் இல்லை என்று எதற்காகப் பொய் என்று கேட்டாள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாப்பா விடவில்லை.

"எங்க அப்பா வாங்கிப் போட்ட நாற்காலி அது. நான் படுத்துட்டேன்னு உங்க தம்பியைக் கொண்டுவந்து உட்கார வச்சிட்டீங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள யூனிட் பேரையும் மாத்திடுவீங்களா?"

நாக்கிலிருந்து கிளம்பிய பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ தேவலை. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பாப்பாவின் வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. கையை வைத்து அமர்த்திக்கொண்டிருக்கும்போதே நெட்காரர் கூப்பிட்டார். குரலில் ஒரு நிம்மதி.

"பிரச்னை ஒண்ணுமில்லை மேடம். அந்த இன்னொரு இணைப்பும் உங்க வீட்டிலேருந்துதான் வருது. நீங்க வாசிச்ச அதே முகவரி. வேற ஏதாவது லேப்டாப்ல திறந்து வச்சுட்டு மறந்துட்டீங்க போல. அதை மூடிடுங்க, சரியாயிடும்."

அவருக்கு வேலை முடிந்தது. பாப்பாவுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரத்து அலமாரி, மடித்து வைத்த துணி, ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஆடுகிற போர்வை. தெரிந்த வீடு திடீரென்று தெரியாத வீடாகிவிட்டது. இந்தச் சுவர்களுக்குள் இருந்துகொண்டு யாரோ அவளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வீட்டில் இன்னொரு லேப்டாப் உண்டு. கணவனின் பழைய லேப்டாப். அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும். அடி அடியாக நடந்து போய்த் திறந்தாள். இல்லை, சார்ஜரையும் காணோம். கீபோர்டு போய்விட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்காமலே வந்து சொன்னான் என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நிற்பான், போன் எடுக்காது. அன்றைக்கும் எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள்தான் நிற்கிறானா என்று முதல் முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. பேட்டர்னை எடுத்து யாருக்காவது கொடுக்கிறானா? அண்ணன்மேல் அவனுக்கு ஏதாவது மனத்தாங்கலா? கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து எடைபோட ஆரம்பித்துவிட்டது மனசு. சந்தேகத்துக்குச் சோறு போட வேண்டாம், தானே தின்று தானே பெருக்கும்.

நான்காவது முறை நுழைந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். பேட்டர்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாள்.

யார் நீங்க?

தட்டி முடிக்கவும் திரை மறையவும் சரியாக இருந்தது. உடனே திரும்பி நுழையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். படிக்கட்டும். படித்துவிட்டு ஓடட்டும்.

மீண்டும் உள்ளே போனாள். வெள்ளைப் பக்கம் அங்கேயே இருந்தது. அவள் கேள்விக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

பாப்பா, நீ தூங்கலையா?

பாப்பா அந்த வரியையே பார்த்தாள். அந்த அதட்டலை அவள் தினமும் காதால் கேட்கிறாள். எழுத்தில் பார்த்தும் குரல் அப்படியே கேட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. வழக்கமான வேகம் இல்லை.

நாத்தனார் கதவருகே வந்து நின்றாள். கையில் பாப்பாவின் கணவனுடைய பழைய லேப்டாப், பாதி மூடியபடி. கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு அலர்ஜி என்று வாய்க்கு வாய் சொல்கிறவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய துணிக் கம்பெனியில் கட்டிங் பிரிவை மேற்பார்வை பார்த்தவள் என்பது பாப்பாவுக்குத் தெரியும். அதெல்லாம் அட்டையும் பென்சிலும் வைத்து வெட்டிய காலம் என்று நினைத்திருந்தாள்.

"எத்தனை நாளா அக்கா?"

"நீ மயக்கம் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தியே, அதுலேருந்து."

உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கோடு என்ன, அதை ஏன் இப்படி இழுக்கிறாய் என்று பொழுதுபோகாமல் கேட்கிற மாதிரி கேட்டு, சாஃப்ட்வேரை அவளிடமிருந்தே கற்றுக்கொண்டாளாம். பாஸ்வேர்டு திருட வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் பாப்பாவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதானே தட்டுகிறாள். லேப்டாப் அவள் தம்பி, அதாவது பாப்பாவின் கணவன் கொடுத்தது. அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். பாப்பா தூங்குகிற நேரத்தில் மாடியிலிருந்து, அவள் கண்ணில் படாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. இன்றைக்கு இணைப்பு அறுந்து அறுந்து வந்ததும், நெட்தான் சரியில்லை என்று நினைத்து அண்ணிக்குப் போன் செய்தாளாம். அந்த நேரம் பார்த்துப் பாப்பாவும் கூப்பிட, பதறிப்போய் வாயில் வந்த பொய்யை அண்ணி சொல்லியிருக்கிறாள்.

"இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றாள் பாப்பா. "நான் செத்தா போயிட்டேன், சொல்லாம என் இடத்துல உட்கார?"

நாத்தனாரின் முகம் சுண்டியது. அதை மட்டும் சொல்லக்கூடாது என்று இருந்தாளோ என்னவோ, கடைசியில் சொல்லிவிட்டாள்.

"போன மாசம் டாக்டருங்க போடுற கோட்டுக்குப் பேட்டர்ன் வரைஞ்சியே. பெரிய அளவுல கையும் தோளும் சேரலை. வெட்டின பிறகுதான் தெரிஞ்சது. வெட்டின துணி பூரா வீண். உன்கிட்ட வாய் திறக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினது உன் அண்ணி. பிரஷர் ஏறிடும், முதல்ல குழந்தை நல்லா பொறக்கட்டும்னா. மறுபடி துணி எடுக்க எங்கெங்கயோ அலைஞ்சா."

அந்தக் கோட்டு பிரமாதமாக வந்தது என்று அண்ணி போனில் சொன்னது பாப்பாவுக்கு நினைவிருந்தது. அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்ததும் நினைவிருந்தது. அந்த அண்ணியைத்தான் இன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசினாள்.

பிறகு பாப்பா தலையணையை நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டாள்.

"உட்காருங்க. அந்தக் கையை முடிச்சுட்டீங்களா?"

"சின்னது பெரிசுன்னு எல்லா அளவுக்கும் பெருக்கணும். பாதிதான் ஆச்சு. யாரோ பிடிச்சுப் பிடிச்சு வெளிய தள்ளிக்கிட்டே இருந்தாங்க" என்றாள் நாத்தனார்.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கண்ணும் நிறைந்துவிட்டது. பழைய லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, ஒரே திரையில் இருவரும் வேலை பார்த்தார்கள். பாப்பா அளவைச் சொன்னாள், நாத்தனார் இழுத்தாள். ஓரிடத்தில் பாப்பா சொன்ன அளவை நாத்தனார் தயங்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னாள். பார்த்தால் பாப்பா சொன்னது தப்பு. நெஞ்சில் சுருக்கென்றது, ஆனாலும் திருத்திக்கொண்டாள். மதியத்துக்குள் பேட்டர்ன் போய்ச் சேர்ந்தது. வெட்ட ஆரம்பித்தாயிற்று என்று கட்டிங் மாஸ்டரிடமிருந்து பதிலும் வந்தது.

அண்ணிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். செய்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்ட பிறகு முயன்றாள், மாத்திரை போட்ட பிறகு முயன்றாள். அணைந்தே இருந்தது. கோபம் இருக்கத்தானே செய்யும் என்றாள் நாத்தனார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. கணவனாக இருக்கும், லேப்டாப் ரிப்பேர் ஆகிவிட்டதா என்று முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று பாப்பா காத்திருந்தாள்.

வந்தது அண்ணி. கையில் சக்கரம் வைத்த பெட்டி. காலில் ஒரு செருப்பு பழுப்பு, ஒரு செருப்பு கருப்பு.

பாப்பா எழுந்திருக்கப் பார்த்தாள். அண்ணி கை காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் தானும் உட்கார்ந்தாள். நாத்தனார் கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்தாள். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கப் பாப்பா ஆரம்பித்தபோது, அது என்றோ நடந்து முடிந்த விஷயம் மாதிரிக் கேட்டாள்.

"அதை விடு. நீ பேசினதுக்காக வரலை. உங்க அண்ணன் போன் பண்ணுவார். நான் இங்க வரலைன்னு சொல்லிடு."

என்ன ஆயிற்று என்று பாப்பா கேட்டாள். அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள்.

போன் அடித்தது. அண்ணன்தான்.

குரல் இயல்பாக இருந்தது. பேட்டர்ன் நன்றாக வந்திருக்கிறது என்றான். சாப்பிட்டாயா, கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். இந்தப் பக்கம் அண்ணி மூச்சுக்கூட விடவில்லை. கடைசியில், ஏதோ அப்போதுதான் நினைவு வந்த மாதிரி கேட்டான்.

"அண்ணி அங்க வந்தாளா?"

அண்ணனிடம் பாப்பா பெரிதாகப் பொய் சொன்னதில்லை. சொன்னாலும் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான். அண்ணியின் காலில் ஜோடி மாறிக் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"இல்லேண்ணா. இங்க வரலை."

அவன் சரி என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னான். பாப்பா ம்ம் என்றாள். வைத்துவிட்டான்.

நாத்தனார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா போனைக் கவிழ்த்து வைத்தாள். என்ன சொன்னான் என்று சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி கேட்டுவிட்டாள்.

"நான் வந்து என்ன சொன்னாலும் நம்பாதேன்னு சொன்னாரா?"

பாப்பா ஆமென்று தலையசைத்தாள்.

நாத்தனார் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து அண்ணியின் கையிலிருந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதி அடுத்த வாரம்.